மூன்றாம் வகை அறை

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். படுக்கையை மடிப்பேன். பல் விளக்கி முடிப்பதற்குள் மாடிப்படியில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கும். என்னோடு வேலை பார்க்கிற அக்கா டீயை மேல்படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் இறங்கிப் போய்விடுவாள். டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வருவேன். அவள் சமையலறையில் இரண்டு டப்பாக்களில் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் அடைத்துக்கொண்டிருப்பாள். கூடத்து நாற்காலியில் அவள் கணவனின் அண்ணன் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அவருக்கும் டீ போடுவது அவள்தான். ஸ்டூல்மேல் வைப்பாள். கையில் கொடுக்க மாட்டாள்.

பிறகு பஸ். கேட்டில் அடையாள அட்டை. உடை மாற்றும் அறையில் மேலங்கியும் காலுறையும். பிறகு கதிர்வீச்சு அளக்கிற மீட்டர் பெட்டியைத் திறப்போம். பேட்டரி பார்ப்போம். தரைமேல் பிடித்து நகர்த்துகிற ப்ரோப்பின் முகத்தில் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். கதிர் அளவு தெரிந்த சோதனை வில்லையைக் கீழே வைத்து, காட்டவேண்டிய எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்போம். கடைசியாக, எந்தக் காலத்திலும் கதிர்ச்சாமான் நுழையாத காவலர் கட்டிடத்துக்குப் போய், சும்மா இருக்கிற சுவரும் தரையும் எவ்வளவு டிக் டிக் அடிக்கின்றன என்று எண்ணுவோம். எங்கேயும் கொஞ்சம் இருக்கும். மண்ணில் இருக்கும், செங்கல்லில் இருக்கும், நம் எலும்பிலும் இருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் அதற்கு மேல் இருப்பது தெரியும்.

அது ஒரு பழைய ஆய்வுக்கூடம். அணு உலையிலிருந்து எடுத்த சாமான்களைக் கரைத்துச் சோதித்த இடம். மூடி வெகுகாலம் ஆகிறது. ஒரு கம்பெனி அதைச் சுத்தம் செய்து, அளந்து, சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அது சரிதானா என்று மறுபடி அளந்து பார்க்க, கம்பெனிக்கு வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் நாங்கள் இருவர். அக்கா ப்ரோப் ஓட்டுவாள். நான் எழுதுவேன். எங்கள் கையெழுத்து விழுந்தால் எச்சரிக்கைப் பலகைகள் இறங்கும். அதன்பின் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வேலை பார்க்கலாம், தரையில் துண்டை விரித்துத் தூங்கலாம்.

எல்லா அறையையும் ஒரே மாதிரி அளப்பதில்லை. முதலில் கட்டிடத்தின் பழைய கதையைக் கேட்பார்கள். எங்கே கொட்டியது, எங்கே கசிந்தது, எந்த மூலையில் எதை வைத்திருந்தார்கள். வேலைபார்த்த பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். கொட்டிய இடம் முதல் வகை. அங்கே கையகலம் விடாமல் அளக்க வேண்டும். ஒன்றுமே நடக்காத இடம் மூன்றாம் வகை. அங்கங்கே நாலு இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கதை தப்பாக இருந்தால் அளவும் தப்பான இடத்தில்தான் நடக்கும்.

இந்தக் கட்டிடத்தின் கதையைச் சொன்னவர்களில் முக்கியமானவர் அந்தக் கூடத்து நாற்காலிக்காரர். அங்கே ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்றைக்கும் அவருக்கு ஷிப்ட் சார் என்றுதான் பெயர். வீடு அவருடையது. அவர் மனைவியும் பாப்பா என்று எல்லோரும் கூப்பிடுகிற மகளும் முன்பக்கம் இருந்தார்கள். பாப்பாவுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற வயது. ஆனாலும் பாப்பாதான். பின்பக்க அறையில் அக்கா இருந்தாள். அவள் கணவன் இறந்தபிறகும் அங்கேயே இருந்தாள். மாடியறையை எனக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

அன்றைக்குக் காரிடாரை முடித்தோம். அதுதான் முதல் வகை. பல வருஷம் முன்னால் அக்காவின் கணவன் அங்கே கரைசல் பாட்டிலைப் போட்டு உடைத்ததாகக் கதை. கம்பெனிக்காரர்கள் அந்தத் தரையைச் சுரண்டி எடுத்து, புது சிமெண்ட் பூசி, இரண்டு தரம் அளந்திருந்தார்கள். சுரண்டி எடுத்த சிமெண்டில்கூட அவ்வளவாக ஒன்றும் இல்லை. அவர்களுடைய இன்ஜினியருக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

"என்ன மேடம், தரை எப்படி? மூஞ்சி பார்த்துத் தலை சீவலாம் போல இருக்கா?"

"தலை சீவிட்டுத்தான் சார் வந்திருக்கேன்" என்றாள் அக்கா. மீட்டர் சத்தம் கேட்கக் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றவில்லை.

"காலம் எல்லாத்தையும் தின்னுடுச்சு மேடம். இவ்வளவு குறைவா இருக்கும்னு நானே நெனைக்கல."

"காலம் அவ்வளவு பசியா இருந்துச்சா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அங்கே புழங்கிய சாமான் அத்தனை சீக்கிரம் போகிறதில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். உடைந்தது சின்ன பாட்டிலாக இருந்திருக்கும், அப்போதே நன்றாகத் துடைத்திருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரிடார் முடிகிற இடத்தில் ஷிப்ட் சாரின் பழைய அறை. மூன்றாம் வகை. டைல்ஸ் போட்ட தரை. ஒரு மூலையில் சுவரில் பழைய குழாயை வெட்டி சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

"இங்க கொஞ்சம் ஏத்தமா காட்டும். பயந்துடாதீங்க. டைல்ஸ்" என்றார் இன்ஜினியர். "மேல பூசுற சாமான்லயே கொஞ்சம் இருக்கு. இயற்கை."

உண்மைதான். சில டைல்ஸ் அப்படிக் காட்டும். அக்கா கதவருகே வைத்தாள், ஜன்னலடியில் வைத்தாள், நடுவில் வைத்தாள். எண்களைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். குழாய் அடைத்த மூலைக்குப் போகவில்லை. அதை ஒருமுறை பார்த்தாள்.

"போதும் தம்பி. சாப்பிடலாம்."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் புல் வாசனை. நான் டப்பாவைத் திறந்தேன்.

"அக்கா, அந்த மூலைய விட்டுட்டீங்க."

"மூணாம் வகைதானே."

"ஆனாலும் நீங்க வழக்கமா மூலைய விட மாட்டீங்களே."

அவள் முட்டையைப் படியில் தட்டி ஓட்டை உரித்தாள். ஒரே சுருளாக உரித்து டப்பா மூடியில் வைத்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அந்த மூலையில ஒரு சிங்க் இருந்துச்சு தம்பி. கை கழுவுறதுக்கு. ஷிப்ட் முடியும்போது மிச்சமாகுற கரைசலைப் பின்னாடி இருக்கிற டாங்குக்குக் கொண்டுபோய் ஊத்தணும். அன்னிக்கு நல்ல மழை. யாரு நனையுறதுன்னு எங்க அத்தான், அதான் ஷிப்ட் சாரு, அதைத் தன் ரூம் சிங்க்லயே ஊத்திட்டாரு. சிங்க்குக்கு அடியில குழாய் ஓட்டை. எல்லாம் தரையில தேங்கிருச்சு. என் வீட்டுக்காரரு அங்க ஹெல்பர். மாப் போட வந்தவரு, தண்ணின்னு நெனச்சுத் துடைச்சாரு. அந்த ஈரக் காலோட காரிடார்ல நடந்து வெளிய வந்தாரு. வாசல்ல கதிர் சோதிக்கிற மெஷின்மேல காலை வச்சதும் மணி அடிச்சிருச்சு."

"அப்புறம்?"

"அண்ணன் சொன்னாரு, என் தம்பி காரிடார்ல பாட்டிலைப் போட்டு உடைச்சிட்டான்னு. தம்பி வாயத் தொறக்கல. வேலை வாங்கிக் குடுத்த அண்ணனாச்சே. பாப்பா வேற அப்பதான் தவழ்ந்துக்கிட்டு இருந்தா. என்கிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாரு, அதுவும் நான் போட்ட சண்டையில. சொல்லிட்டு, வெளிய சொன்னா நான் உன்கூட இருக்க மாட்டேன்னாரு."

வேலை போனது. தெருவில் பெயர் வந்தது. ஒழுகல். ஒழுகல் வர்றான், தள்ளி நில்லு. பையன்கள் பின்னாலேயே வந்து மணி மாதிரி கத்துவார்களாம். முடிவெட்டுகிற கடையில் அவருக்கென்று தனித் துண்டு வைத்தார்கள். கடைசியில் சந்தையில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். மழைநாளில் மூட்டை அடுக்கின் மேலிருந்து விழுந்து இறந்தார்.

"கதிர்வீச்சு, புத்துநோய் எல்லாம் இல்ல தம்பி. சாக்கு வழுக்கிச்சு, அவ்வளவுதான். ஆனா தூக்க வந்தவனுங்க கையுறை போட்டுக்கிட்டு வந்தானுங்க. எங்கேயோ வாங்கி, எல்லாரும் ஒரே மாதிரி நீலக் கையுறை. அண்ணன் பக்கத்துலயே நின்னாரு. ஒருத்தன்கிட்டயாவது கழட்டுடான்னு சொல்லுவாருன்னு அவரு வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன். சொல்லல."

முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் டப்பாவில் வைத்தாள்.

"அதுக்கப்புறம்தான் இந்த வேலைக்குப் படிச்சேன்."

"அப்ப மூலையில வச்சிரலாமே அக்கா. ஒரு நிமிஷ வேலை. தெரிஞ்சுடும்."

"என்ன தெரியும்? அங்க இருக்குன்னு தெரியும். யாரு ஊத்துனாங்கன்னு மீட்டர் சொல்லுமா? இவரைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. இவரு தாடையத் தடவிக்கிட்டு, அதுவும் என் தம்பி வேலையாத்தான் இருக்கும்னு சொல்லுவாரு. செத்த மனுஷன் தலையில இன்னொண்ணு. நான் வைக்கிறதுக்கு முன்னாடி இவரு வாயால வரணும். நான் அளந்து கண்டுபிடிச்சா அது அவருக்குத் தப்பிக்கிற வழி."

"அவர் சொல்லலன்னா? கையெழுத்துப் போட்டுருவீங்களா?"

"தெரியல."

"அங்க ஆளுங்க வேலை பார்ப்பாங்க அக்கா."

"தெரியலன்னு சொன்னேன்ல. சாப்பிடுங்க, மழை வருது."

ப்ரோப்பை எடுத்துப்போய் நானே அந்த மூலையில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. என் மனைவி காய்ச்சலில் போனாள். டாக்டர் நல்லவர். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்து, ஆள் கிடைக்காமல், பேசாமல் இருந்துவிட்டேன். அக்காவுக்கு ஆள் இருந்தது. தினமும் காலையில் அவருக்கு டீ வைத்தாள்.

அன்று சாயங்காலம் பாப்பா நனைந்துகொண்டே வந்தாள். வாசலில் செருப்பை உதறும்போதே கத்தினாள்.

"சித்தி! வேலை கெடச்சிருச்சு!"

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனி ஒன்று ஊருக்கு வருகிறதாம். முப்பது நாற்பது மெஷின். பாப்பா தையல் படித்தவள், கணக்கும் தெரிந்தவள், அதனால் சூப்பர்வைசர். ஷிப்ட் சாரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளின் தலையைத் துவட்டினாள்.

"அப்பாவும் சூப்பர்வைசர், பொண்ணும் சூப்பர்வைசர்" என்றாள். "எங்க வருதாம் கம்பெனி?"

"அதுதான் தமாஷு. அப்பாவோட பழைய கட்டிடத்துலதான். சித்தி அளக்குற எடம். சித்தி கையெழுத்துப் போட்டதும் சாவி குடுத்துடுவாங்களாம். சித்தி, சீக்கிரம் போடு!"

பேப்பர் கீழே இறங்கியது. அன்றைக்குத்தான் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். அடர்ந்த புருவம். நன்றாகச் சவரம் செய்த தாடை.

"எனக்குன்னு தனி ரூம்" என்றாள் பாப்பா. "வெளியில இருந்து எட்டிப் பார்த்தேன். காரிடார் கடைசி. டைல்ஸ் எல்லாம் போட்டு நல்லா இருக்கு."

அக்கா உருளைக்கிழங்கு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அது உங்கப்பா ரூம்தான்டி" என்றாள். "அப்பா உக்காந்த எடத்துல பொண்ணு. கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு. மேஜைய எங்க போடுவ?"

"ஜன்னல் பக்கம் வெயில் மூஞ்சில அடிக்கும். எதிர்மூலையில போடலாம்னு இருக்கேன். சுவத்துல ஏதோ குழாய் அடைச்சிருக்கே, அங்க."

"நல்ல எடம். காலை நீட்டி உக்காரலாம். இல்ல அத்தான்?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"அங்க வேணாம். வேற பக்கம் போட்டுக்கோ."

"ஏன்பா?"

"காத்து வராது."

"காத்து வராதாம்" என்றாள் அக்கா. "அவருக்குத்தான் தெரியும். அங்கயே இருந்தவரு. வேற எதுவும் இருந்தா சொல்லுங்க அத்தான், சின்னப் பொண்ணு, தெரியாம உக்காந்துடப் போறா."

அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

அதன்பின் மழை விடாமல் பெய்தது. துணி காயவில்லை. சமையலறையில் கொடி கட்டி எல்லோருடைய துணியும் தலைக்குமேல் தொங்கியது. அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா ஒவ்வொரு வேளையும் ஒரே ஒரு வார்த்தை போடுவாள். அதற்குமேல் பேச மாட்டாள். "மேஜை வந்துருச்சாம் அத்தான், இவ்வளவு பெருசு." இன்னொரு நாள், "பாப்பா, வெறுங்கால்ல இருக்காத, செருப்பு போட்டுக்கோ, டைல்ஸ் சில்லுன்னு இருக்கும்." அவர் தட்டில் ரொட்டி மிச்சமாகத் தொடங்கியது. சர்க்கரை ஏறிவிட்டது என்று மனைவி டாக்டரிடம் அழைத்துப்போனாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

விடுமுறை நாள் காலை. நான் டம்ளரைக் கொடுக்கக் கீழே வந்தேன். அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அந்த வாசலுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. நிலையைப் பிடித்திருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்மா உன்கிட்ட."

"சொல்லுங்க."

"அன்னிக்கு… அந்த சிங்க்ல…"

அக்கா எழுந்துபோய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாத்திரங்கள்மேல் விழுந்து இரைந்தது.

"கேக்கல அத்தான்."

"நான்தான்மா… அவன் இல்ல…"

"இது சமையல்கட்டு. நான் இங்க கெழங்கு நறுக்குறேன். நீங்க ஒரு எடத்துல ஒண்ணு சொன்னீங்கல்ல, அதே எடத்துல போய்ச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள சொல்ற உண்மைய வச்சு நான் என்ன பண்ணுறது, கறி சமைக்கிறதா?"

அவர் மனைவி பின்னாலிருந்து வந்தாள். கையில் துவைக்கிற துணி. "என்ன? என்ன சிங்க்? யாரு இல்ல?" அவர் தலையைக் குனிந்தபடி, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, பாதியும் முழுசுமாகச் சொன்னார். மழை, சிங்க், குழாய், தம்பி துடைத்தது. சொல்லச் சொல்ல அவள் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அவள் பாய்ந்தது அக்காவின் மேல்தான்.

"தெரிஞ்சேதான் இருக்கியா இவ்வளவு நாளும்? தெரிஞ்சுக்கிட்டு எங்க உப்பைத் தின்னுக்கிட்டு, தெனம் தெனம் இந்த மனுஷனை ஊசியால குத்திக்கிட்டு… உனக்கு என்ன வேணும்? கால்ல விழணுமா? விழுவாரு. இப்பவே விழச் சொல்றேன்."

"என் கால்ல எதுக்கு அக்கா? மணி அடிச்சது என் கால்லயா?"

"வெளிய சொன்னா கேஸ் போடுவாங்கடி. இந்த வயசுல உள்ள தூக்கி வச்சா தாங்குவாரா?"

"தாங்குவாரு. அங்கயும் தனித் துண்டு குடுப்பாங்க."

"இத்தனை வருஷம் உன்னை வச்சுப் பார்த்துக்கிட்டதுக்கு இதுதானா?"

"பார்த்துக்கிட்டீங்க. இல்லன்னு சொல்லல. என் வீட்டுக்காரரு சாப்பிட்ட தட்டை நீங்க வெளிக்குழாயிலதான் கழுவுனீங்க. உள்ள கொண்டு வரமாட்டீங்க. நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருப்பேன். அவரும் பார்ப்பாரு."

"புள்ள தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. நான் பயந்துட்டேன்."

"பயந்தீங்க சரி. யாரு உங்களைப் பயமுறுத்துனது? அதை ஒரு தடவ கேட்டுப் பாருங்க."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் அந்தத் தட்டைக் கழுவுறப்ப நீங்க பக்கத்துலதானே நிப்பீங்க" என்றாள். "கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவுன்னு சொல்லுவீங்களே."

ஈரத்துணியைக் கொடியில் போடாமல் அடுப்பு மேடையில் அப்படியே போட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் கடையில் ரொட்டி வாங்கி வந்து படியில் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

மத்தியானம் பாப்பா பின்பக்க அறைக்குப் போனாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து மீட்டரின் தோல்வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசுவது கேட்டது. பாப்பாவை இடுப்பில் தூக்கிச் சோறு ஊட்டி வளர்த்தவள் அக்காதான். அவளுக்குக் குழந்தையில்லை.

"சித்தி, எங்கப்பா பண்ணுனது தப்பு. நான் அதுக்கு வரல. அந்த ரூமை நீ அளந்துட்டியா? அதை மட்டும் சொல்லு. நீ நல்லாருக்குன்னு சொன்னா நான் போறேன். நீ சொன்னா எனக்குப் போதும்."

தையல் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"உங்கப்பாவக் கேளு."

"நான் உன்னைக் கேக்குறேன்."

"அந்த ரூமைப் பத்தி இந்த ஊரு எப்பவுமே உங்கப்பாவத்தான் கேட்டுச்சு. அவரு சொன்னதைத்தான் நம்புச்சு. நீயும் அவரையே கேளு."

"நான் அங்க உக்காந்தா உனக்குப் பரவாயில்லயா?"

அதற்கு அவள் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. பாப்பா வெளியே வந்தபோது அழுதிருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "சூப்பர்வைசர் வேலை பார்க்கிறதுக்கு முன்னாடியே போச்சு அண்ணா" என்றாள். கொஞ்சம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்து, பாப்பாவின் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஊசி கையில் குத்தியிருந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடைசி நாள். அன்றைக்கு அளவுகளை முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் டீ வந்தது. கூடத்து நாற்காலியில் ஆளில்லை. ஸ்டூல்மேல் அவருடைய டீ ஆடைபிடித்து இருந்தது.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மழை. மீட்டரைச் சோதித்தோம். காவலர் கட்டிடத்தில் நின்று, சும்மா இருக்கிறதை எண்ணினோம். மாடியறைகள் இரண்டை முடித்தோம். கீழே வந்தபோது கேட்டில் குடை ஒன்று தெரிந்தது. பாப்பா அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். கேட்டுக்கு வெளியே அவள் நின்றுகொண்டாள். அவர் மட்டும் உள்ளே வந்தார்.

இன்ஜினியர் ஓடிப்போய் வரவேற்றார்.

"வாங்க சார், வாங்க! கோட்டையக் கடைசியா ஒரு தடவ பார்த்துடலாம்னு வந்தீங்களா? உங்க ரூம்தான் பொண்ணுக்காமே. குடும்பச் சொத்து மாதிரி ஆயிடுச்சு!"

அவர் காலுறை மாட்ட உட்கார்ந்தார். இரண்டு தரம் நழுவவிட்டார். நான் குனிந்து மாட்டிவிட்டேன். காரிடாரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கடைசி அறைக்குள் போய், குழாய் அடைத்த மூலைக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார். அதற்குமேல் கால் வைக்கவில்லை. அக்கா கதவருகே நின்றாள்.

"இங்க… இங்க ஒரு தடவ பாத்துடுங்க" என்றார்.

"அது டைல்ஸ் சார்" என்றார் இன்ஜினியர்.

"இல்ல, ஒருவேளை ஏதாவது… கசிஞ்சிருக்கலாம்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் ப்ரோப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"கசிஞ்சிருக்கலாம்னா, இது மூணாம் வகைதான் அத்தான். நாலு எடம் பார்த்தாச்சு."

அவள் அசையவே இல்லை. இன்ஜினியருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்த இன்னொரு மீட்டரை வாங்கி, முழங்காலிட்டு, அந்த மூலையில் வைத்தார். டிக் டிக் சத்தம் நெருங்கி அடித்தது. சற்றுத் தள்ளி, அதே நிற டைல்ஸில் வைத்தார். தளர்ந்தது. மறுபடி மூலையில் வைத்தார். நெருங்கியது.

"ஒரே டைல்ஸ்தானே" என்றார் தனக்குத்தானே.

எழுந்து போய் உளி கொண்டுவரச் சொன்னார். ஆள் வந்து ஒரு டைல்ஸை நெம்பி எடுத்தான். அடியில் சிமெண்ட், அதில் தட்டு அகலத்துக்குப் பழுப்பாக ஒரு திட்டு. ப்ரோப்பை அதன்மேல் கொண்டுபோனதும் மீட்டர் விட்டு விட்டு அடிப்பதை நிறுத்தி ஒரேயடியாகக் கத்தியது. உளி பிடித்த ஆள் வாசல் வரைக்கும் பின்னால் போனான். இன்ஜினியரின் முகம் வெளுத்துப் போனது. நல்ல மனிதர். அங்கே நாற்பது பெண்கள் உட்கார வேண்டியது என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"இதுவும் அந்த ஒழுகல் பண்ணுன வேலைதானா சார்?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து எல்லோரும் சொல்லிக் கேட்ட பெயர் அது. மனிதனின் பெயர் என்றே நினைத்திருப்பார். அந்த ஒழுகலின் மனைவி கதவருகே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

மீட்டரை அணைக்க மறந்துவிட்டார்கள். அது கத்திக்கொண்டே இருந்தது. ஷிப்ட் சார் தாடையைத் தடவினார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். இன்ஜினியர் எழுதிக்கொள்வார், சிமெண்டை வெட்டி எடுப்பார்கள், மகளுக்கு வேறு மூலையில் மேஜை போடுவார்கள். அவர் கண் கதவுப் பக்கம் போனது. அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

தாடையிலிருந்து கை இறங்கியது.

"இல்ல" என்றார். பிறகு மூச்சு விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே கொட்டினார். "அவன் எதுவும் பண்ணல நான்தான் சிங்க்ல ஊத்துனேன் மழைன்னு போகல அவன் துடைக்கத்தான் வந்தான் பாட்டிலும் உடையல ஒண்ணும் உடையல நான்தான் அவன் பேரைச் சொன்னேன்."

முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்காரப் போனார். இன்ஜினியர் தாங்கிப் பிடித்தார். நான் மீட்டரை அணைத்தேன். பேனாவைத் திறந்தேன். வெளியே மழை பெய்வது அப்போதுதான் கேட்டது.

அக்கா அறைக்குள் வந்தாள். அவருக்கு எதிரே, அவர் கால் வைக்காத அந்த இரண்டடிக்குள் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க அத்தான். மெதுவா. எழுதிக்கணும்."